மாதா காலடியில் ஒரு சாவி

அத்தானுக்குச் சைரன் என்றாலே ஆகாது. லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் சைரனுக்கு எழுந்து, சைரனுக்குச் சாப்பிட்டு, சைரனுக்கு வீடு திரும்பிய மனுஷன். பணி ஓய்வு விழாவில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தபோது வழக்கம்போல அது ஊளையிட்டது. "இனிமே எனக்கு மணி போதும்ல மோகனு, கோயில் மணி" என்றார். ஏதோ உணர்ச்சிவசப்பட்டுச் சொல்கிறார் என்று நானும் தலையாட்டி வைத்தேன். மனுஷன் நிஜமாகவே ஒரு மணியை வாங்கி வந்து மாமரத்தில் கட்டுவார் என்று யார் கண்டது?

அத்தானின் பெயர் தேவசகாயம். என் அக்கா ராஜத்தின் கணவர். இரண்டு குடும்பத்துக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பிழைப்பைத் தேடிச் செகந்திராபாத் ரயில்வே காலனிக்கு வந்த தலைமுறையின் பிள்ளைகள் நாங்கள். நான் சனத்நகரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கோயிலுக்குக் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், சாவு என்று கணக்காகப் போகிறவன். அத்தான் அப்படி இல்லை. அவருக்கு வேதம் ரத்தத்தில் ஊறியது. ஆனால் வேலைக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம் வந்து விழும். அவருடைய அப்பா இறந்ததும் ஒரு ஞாயிறுதான். பெரியவருக்கு நெஞ்சு வலி வந்தபோது அத்தான் ஒரு பெட்டிக்கு அடியில் படுத்து பிரேக் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி போய், அவர் கிரீஸ் கையோடு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாதிரியார் எண்ணெய் பூசினாரா, அப்பா கடைசியாக யாரைக் கேட்டார் என்பதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். இதை அவர் வாய்விட்டுச் சொல்லி அழுது நான் பார்த்ததில்லை. அந்த ஞாயிறு மட்டும் அவரை விட்டுப் போகவே இல்லை.

அந்த அப்பா விட்டுப்போன நிலம் அல்வாலைத் தாண்டி ஷாமீர்பேட்டைப் பக்கம் கிடந்தது. மூன்று ஏக்கர். ஆடு மேய்ந்துகொண்டிருந்த இடம். எல்லாரும் பிளாட் போட்டு விற்கச் சொன்னார்கள், நானும்தான். அத்தான் போர் போட்டார். மூன்று சின்ன வீடுகள் கட்டினார். நடுவில் ஓட்டுக்கூரையோடு ஒரு சிற்றாலயம், அதற்குள் இடுப்புயரத்துக்கு ஒரு மாதா சுரூபம். வாசலில் 'திருக்குடும்பத் தோட்டம்' என்று பலகை வைத்தார். கத்தோலிக்கக் குடும்பங்கள் சில சேர்ந்து, விதைத்து அறுத்துச் சாப்பிட்டு, மூன்று வேளையும் மணியடித்து ஜெபித்து, பிள்ளைகளை மண்ணில் வளர்க்க வேண்டும் என்பது அவர் திட்டம். மாசம் ஒரு சனிக்கிழமை பங்குச் சாமியார் வந்து பூசை வைக்கவும் சம்மதித்தார்.

"யாரு வருவா அத்தான் இந்தப் பொட்டக்காட்டுக்கு?" என்று கேட்டேன்.

"வருவாவ. நீ பாரு."

வந்தார்கள், அதுதான் அதிசயம். முதலில் சுமலதா வந்தாள். அல்வாலில் நர்ஸாக இருந்தவள், தெலுங்குக் கத்தோலிக்கப் பெண், கணவன் ஆட்டோ ஓட்டுகிறவன், இரண்டு பிள்ளைகள். வாடகை கொடுத்து மாளவில்லை என்பதும் ஒரு காரணம். ஆனால் அவள் போட்ட கோங்குரா ஊறுகாயைச் சாப்பிட்டுவிட்டு அவள் பக்தியைச் சந்தேகப்பட எனக்கு மனசு வரவில்லை. அப்புறம் ஊரடங்கு வந்தது. கொண்டாப்பூரில் பத்தாவது மாடியில் அடைந்து கிடந்த அத்தானின் ஒரே மகள் சபீனாவும் அவள் புருஷன் முரளியும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார்கள். ஊரடங்கு முடிந்ததும் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தோம். முரளி திரும்பவில்லை. வேலையை விட்டுவிட்டான்.

முரளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தெலுங்கு இந்துக் குடும்பத்துப் பையன். சபீனாவுக்காக ஞானஸ்நானம் வாங்கினான். முதலில் அது கல்யாணத்துக்காகத்தான், அவனே சொல்லுவான். தோட்டத்துக்கு வந்த பிறகு மாமனாரை விட அவன்தான் மணிக்குச் சரியாக எழுந்தான். மண்வெட்டி பிடித்துக் கை முழுக்கக் கொப்புளம். சேற்றில் இறங்கி நாற்று நட்டுவிட்டு, "மாவய்யா, இது சரியா?" என்று அத்தானிடம் கேட்பான். அத்தானுக்கு மட்டும் என்ன தெரியும்? அவருக்குத் தெரிந்ததெல்லாம் போகி, பிரேக், போல்ட். இரண்டு பேரும் யூடியூப் பார்த்துப் பார்த்து, பக்கத்து வயல்காரரிடம் திட்டு வாங்கி, முதல் வருஷம் கத்தரிக்காய் மட்டும் விளைவித்தார்கள். அப்படி ஒரு விளைச்சல். நான் போகும்போதெல்லாம் ஒரு சாக்குக் கத்தரிக்காயைத் தலையில் கட்டினார்கள். எங்கள் தெருவில் என்னைக் கண்டாலே கதவைச் சாத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்தக் கதைக்குத் தேவையான விஷயம் தோட்டத்து ஞாயிற்றுக்கிழமை. அத்தான் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். சனிக்கிழமை சாயங்கால மணி அடித்ததும் வேலை நிற்கும். மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை எல்லாவற்றையும் கழுவித் துடைத்துத் தகரக் கொட்டகையில் அடுக்குவார்கள். எல்லோருடைய செல்போனும் அதே கொட்டகையில் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போகும். கொட்டகையைப் பூட்டி, சாவியைக் கொண்டுபோய் மாதா காலடியில் வைத்துவிடுவார் அத்தான். திங்கட்கிழமை காலை ஜெபம் முடிகிறவரை அதை யாரும் தொடக்கூடாது. ஞாயிறன்று சமையல் உண்டு, மாடு கறப்பது உண்டு. வேறு ஒரு துரும்பும் அசையக்கூடாது.

"மாட்டுக்கு மட்டும் தனிச் சட்டமா அத்தான்?" என்று சீண்டுவேன்.

"வாயில்லாச் சீவன்ல. மடி கனத்தா வலிக்கும். மத்தபடி, ஓவர்டைம் பாத்து ஞாயித்துக்கெழமைய நான் தொலைச்ச மாதிரி இந்தப் பிள்ளைகளும் தொலைக்க வேண்டாம்."

உண்மையைச் சொன்னால் எனக்கே அந்த ஞாயிறுகள் பிடித்துப்போயின. அல்வாலில் காலைப் பூசை பார்த்துவிட்டு எல்லோரும் வந்துவிடுவார்கள். போன் இல்லை, டிவி இல்லை. சுமலதாவின் பிள்ளைகள் மாமரத்தில் தொங்கும். மத்தியானம் நீளமாகப் பாய் விரித்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். சபீனா அப்பாவின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு தமிழும் ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து எதையாவது பேசிக்கொண்டிருப்பாள். அத்தான் சிரிப்பார். அவருக்குப் பல் தெரியச் சிரிக்கத் தெரியும் என்பதையே அப்போதுதான் கண்டுபிடித்தேன்.

அங்கே வந்த பிறகுதான் சபீனாவுக்குக் குழந்தை பிறந்தது. மரிய பூர்ணா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பருவத்தில்தான் முரளி துணிந்து ஒரு ஏக்கரில் நெல் போட்டான். விதையைச் சாமியார் மந்திரித்துக் கொடுத்தார். பயிர் பச்சைப் பசேலென்று வந்தது. அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை. பேத்திக்கு முதல் சோறு நம் மண்ணில் விளைந்த அரிசியில் ஊட்ட வேண்டும். ஆறு மாசம் முடிந்தும் குழந்தைக்குச் சோறு ஊட்டாமல் வைத்திருந்தார்கள். ராகிக் கூழும் பாலும்தான். "அவ கெழவியாயி, எந்த ஊருல இருந்தாலும், மொத சோறு அந்த மண்ணுலதான்னு சொல்லணும்லா" என்பாள் அக்கா. முரளி அதைக் கேட்டுக்கொண்டே களத்தைப் பெருக்குவான்.

ஈஸ்டர் முடிந்து நல்ல வெயிலில் அறுத்தார்கள். அடித்து, தூற்றி, சிமெண்ட் களத்தில் பொன் மாதிரி பரப்பினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் முரளி ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்து, "இன்னும் ஒரு வெயில் காயணும்" என்றான். மணி அடித்தது. கொட்டகை பூட்டியாயிற்று. தார்ப்பாயும் உள்ளே, சாக்குகளும் உள்ளே. ஆகாயத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

மறுநாள் நான் போனேன். சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்திருந்தோம். காற்று திடீரென்று குளிர்ந்தது. மேற்கே பார்த்தால் வானம் கருநீலமாகக் கட்டிக்கொண்டு வருகிறது. இந்தப் பக்கத்துக் கோடை மழை அப்படித்தான், சொல்லிக்கொண்டு வராது, வந்தால் ஆலங்கட்டியோடு வரும். முரளி துள்ளி எழுந்து சிற்றாலயத்துக்கு ஓடினான். அத்தான் அவனுக்கு முன்னால் போய் வாசலில் நின்றுகொண்டார்.

"மாவய்யா, சாவி."

"இன்னைக்கு ஞாயித்துக்கெழம, முரளி."

"மழை வருது மாவய்யா! தார்ப்பாய் மட்டும். ஐந்து நிமிஷம்."

"சோதன இப்படித்தான் வரும். அஞ்சு நிமிஷம்னுதான் வரும். சாமி பாத்துக்கிடுவாரு."

"மாட்டைக் கறக்கலாம், நெல்லை மூடக் கூடாதா?"

"மாட்டுக்கு வலிக்கும். இது நம்ம ஆசப்பா. ஆசைக்கு ஒருநா விட்டா அப்புறம் எல்லா ஞாயிறும் போயிரும். நான் போக விட்டவன். எனக்குத் தெரியும்."

"ஏன் அத்தான், சாமிக்கே பிடிக்காது இந்தப் பிடிவாதம்" என்று நான் கத்தினேன். "நீ விருந்தாளி, சும்மா இரு" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. ஒரு பெரிய மனுஷன் தன் மருமகன் முன்னால் அப்படிப் பயந்து நின்றதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. முரளி நினைத்திருந்தால் அவரைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். தள்ளவில்லை. அவன் வளர்ந்த விதம் அப்படி.

முதல் துளி விழுந்தது. அப்போதுதான் அக்கா எழுந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு களத்துக்குப் போய், குனிந்து, இரண்டு கையாலும் நெல்லை வாரிக் குவிக்க ஆரம்பித்தாள். சாவியும் வேண்டாம் தார்ப்பாயும் வேண்டாம் என்பது போல இருந்தது அது. முந்தானையில் கொஞ்சம் வாரிக் கட்டினாள். சபீனாவும் குழந்தையைச் சுமலதாவிடம் கொடுத்துவிட்டு ஓடப் போனாள்.

"ராஜம்!" என்று அத்தான் கூப்பிட்டார். "உக்காரு."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லை அவள் மீறியதில்லை. பெரிதாக மீற வேண்டிய சொல் எதையும் அவரும் சொன்னதில்லை, நல்ல மனுஷன்தான். அவள் முந்தானையை அவிழ்த்தாள். வாரிய நெல் மறுபடி களத்தில் கொட்டியது. அந்த இடத்திலேயே, நெல்லுக்கு நடுவில், உட்கார்ந்துவிட்டாள். மழை கொட்டியது. ஆலங்கட்டி தலையில் விழுந்தது. நான்தான் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன். சபீனா போன இடத்திலேயே நின்று அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரி முழுக்க விட்டு விட்டுப் பெய்தது. திங்கட்கிழமை காலை ஜெபம் முடிந்து சாவியை எடுத்தபோது களத்து ஓரத்து நெல்லையெல்லாம் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருந்தது. மிச்சத்தைக் குவித்தார்கள். வெயில் சரியாக அடிக்கவில்லை. இரண்டு மூன்று நாளில் குவியலுக்குள் கை விட்டால் சூடாக இருந்தது, வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. புளித்த நாற்றம் மூன்று வீட்டுக்கும் அடித்தது. முரளி அதைக் கூடை கூடையாக வாரி மாட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டான். அத்தான் அதைப் பார்த்து, "மாட்டுக்காவது ஆச்சு" என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை பங்குச் சாமியார் பூசைக்கு வந்தார். நாற்றம் என்னவென்று விசாரித்து, விஷயத்தைக் கேட்டு, தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யார் உங்களுக்குச் சொன்னது தேவசகாயம்? விளைஞ்சது அழியாம காப்பாத்துறதுக்கு ஞாயித்துக்கிழமை தடையே கிடையாது. எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா சொல்லியிருப்பேனே."

அத்தான் தரையைப் பார்த்தார். "போன் கொட்டகைக்குள்ள இருந்திச்சு சாமி."

சபீனா சிரித்துவிட்டாள். அழுகைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் போனவள் பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

நான் சமாதானம் பேசப் போனேன். தாய்மாமன் என்ற முறையில் கொஞ்சம் அதட்டவும் செய்தேன். "ஒரு போகம் நெல்லுக்காகவா இப்படி? அடுத்த போகம் போட்டா ஆச்சு."

"நெல்லுக்காக இல்ல மாமா. ரைஸ் கடையில கிடைக்கும். அம்மா உக்காந்தாங்க பாருங்க, அந்த மழையில. அவர் சொன்னாரு, இவங்க உக்காந்தாங்க. பூர்ணா அதைப் பார்த்து வளரணுமா? நக்கோ மாமா, வேண்டாம். என்னால முடியாது."

முரளிக்குப் போக மனசே இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். களத்தை ஒரு தடவை சுத்தமாகக் கழுவிவிட்டு, மண்வெட்டியைத் துடைத்துக் கொட்டகையில் வைத்துவிட்டு வந்தான். "வரேன் மாவய்யா" என்று அத்தானின் காலைத் தொட்டான். அத்தானால் அவன் தலையில் சிலுவை அடையாளம் போடக்கூட முடியவில்லை. கொண்டாப்பூரில் கடை அரிசியில்தான் பூர்ணாவுக்கு முதல் சோறு ஊட்டினார்கள். அக்கா போய் வந்தாள்.

அப்புறம் தோட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாயிற்று. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைச் சொல்லிச் சுமலதா அல்வாலுக்கே போனாள். போகும்போது ஒரு பெரிய ஜாடி ஊறுகாயை அக்காவிடம் கொடுத்துவிட்டு அழுதாள். புதுசாக வருகிறேன் என்ற குடும்பங்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கதை அதற்குள் பங்கு முழுக்கப் பரவியிருந்தது. பழைய சாமியார் மாற்றலாகிப் போனார், புதியவருக்கு இவ்வளவு தூரம் வர நேரம் இல்லை. மாதப் பூசை நின்றது. இரண்டு வீட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். மணியை மட்டும் அத்தான் மூன்று வேளையும் அடித்தார். கேட்க அக்கா ஒருத்திதான்.

அவர் மாறிப்போனார் என்பதையும் சொல்ல வேண்டும். பிஸ்கட் டின்னைத் தூர எறிந்தார். கொட்டகைச் சாவி மட்டும் பழையபடி சனிக்கிழமைகளில் மாதா காலடிக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை போனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, அது ஒலித்த உடனே எடுப்பார். சபீனா கிறிஸ்துமஸுக்கு வருவாள், ஒரு நாள் இருப்பாள். பூர்ணா தாத்தாவிடம் தெலுங்கில் பேசுவாள், இவர் திருநெல்வேலித் தமிழில் பதில் சொல்லுவார், இரண்டு பேருக்கும் பாதி புரியும். ஒருமுறை அவர் மகளிடம், "முரளிய ஒரு கால் காணிக்காவது நெல்லு போட வரச் சொல்லேன்" என்று கேட்டார். "அவருக்கு இப்ப டைம் இல்லப்பா" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். மரியாதையாகச் சொன்னதுதான் அவருக்கு வலித்தது.

போன கோடையில் அவராகவே கால் ஏக்கர் நெல் போட்டார். அந்த வயசில் தனியாக, கூலிக்கு ஆள் வைத்து. எதற்கு என்று கேட்டேன். "பூர்ணாவுக்கு" என்றார். அறுத்து, அதே களத்தில் காய வைத்திருந்தார். நான் போனது ஞாயிறு.

மத்தியானம் சாப்பிட்டு முடித்தோம். மறுபடி அந்தக் குளிர்ந்த காற்று. மேற்கே அதே கருநீலம். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் எழுந்துவிட்டார். எழுபதை நெருங்குகிற மனுஷன் சிற்றாலயத்துக்கு ஓடினார். மாதா காலடியிலிருந்து சாவியை எடுத்தார், ஒரு கும்பிடு கூடப் போடவில்லை. கொட்டகையைத் திறந்து தார்ப்பாயை இழுத்துக்கொண்டு களத்துக்கு வந்தார். காற்று அதைப் பிடுங்கியது. ஒரு ஆளால் பிடிக்க முடியாது அதை.

"ராஜம்! வா, ஒரு முனையப் பிடி!"

அக்கா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஜெபமாலை.

"ராஜம், மழ வந்துட்டுல்லா!"

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமல்லா" என்றாள் அக்கா.

கத்தவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. நேரம் என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள். அத்தான் தார்ப்பாயைப் பிடித்தபடி நின்றார். மழை விழ ஆரம்பித்தது. நான் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தேன். மூன்று மூலையில் கல் வைத்தோம். நான்காவதுக்குக் கல் கிடைக்காமல் அத்தான் அதன் மேல் தானே உட்கார்ந்துகொண்டார். வாங்க அத்தான் என்றேன். வரவில்லை. மழை நிற்கிறவரை தலை குனிந்து அப்படியே இருந்தார். நான் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று, அக்கா ஒரு தரம் பார்க்க மாட்டாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஜெபமாலையில்தான் கண்ணாக இருந்தாள்.

நெல் ஒன்றுகூட நனையவில்லை. அத்தான் சொட்டச் சொட்ட வந்து அக்கா முன்னால் நின்றார்.

"மூடிட்டேன் ராஜம்."

"தல தொவட்டுங்க. சளி பிடிச்சிக்கிடும்" என்று துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் உள்ளே போன பிறகு நான் கேட்டேன். எனக்குக் கோபம்தான். "ஏக்கா, இத்தன வருஷம் கழிச்சா பழி வாங்குற? அந்த மனுஷனப் பாரு. ஒரு கை பிடிச்சா என்ன?"

அக்கா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். அவள் கண்ணில் பழி இல்லை. அது இருந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"பழி என்னல பழி, மோகனு. அவிய கூப்பிட்டதும் எந்திரிக்கத்தான் பாத்தேன். அன்னைக்கு உக்காருன்னாவ, உக்காந்தேன். பொறவு எனக்கு எந்திரிக்க வரல."

நெல்லை அரைத்து அரிசி வந்ததும் அத்தான் ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகப் பஸ் ஏறிக் கொண்டாப்பூருக்குப் போனார்.